அந்தரத்தில் நீந்தும் மீன், பறக்கும் கிளி: வாயு இல்லாமல் பலூன் உருவங்களை மிதக்க வைப்பது

2025 ஜனவரியில் அலங்காநல்லூர் பக்கம் கீழக்கரை ஏறுதழுவுதல் அரங்கத்தில் பலூன் திருவிழா நடந்தது. பர்னரின் வெப்பக் காற்றில் எழுந்த ராட்சத பலூன்களைப் பார்க்க மதுரைக்காரர்கள் குடும்பத்தோடு போனார்கள். அதன்பிறகு பிறந்தநாள், காதுகுத்து, பள்ளி ஆண்டு விழா என்று எதற்குப் பந்தல் போட்டாலும் “பலூன் மேலே மிதக்கிற மாதிரி செய்ய முடியுமா?” என்று கேட்கும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள்.

முடியும். அதற்குப் பர்னர் வேண்டாம், சிலிண்டர் வேண்டாம். முறுக்கிச் செய்த பலூன் உருவம் சில கிராம் எடைதான் இருக்கும். அத்தனை லேசான பொருளைத் தாங்க, ஐந்தடி தள்ளி நிற்பவர் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தூண்டில் நரம்பே போதும். எங்கே கட்டுவது, எத்தனை இழை விடுவது, எந்த வெளிச்சத்தில் தொங்கவிடுவது என்ற மூன்றும் சரியாக அமைந்தால் பார்ப்பவர் கண் மற்றதைச் செய்துகொள்ளும். இந்த அத்தியாயத்தில் பாண்டியர் சின்னமான மீனையும், மீனாட்சி அம்மன் கையிலிருக்கும் கிளியையும் செய்து மிதக்க விடப் பழகுவோம்.

## முதலில் ஒரு முடிவு: சிலிண்டர் வேண்டாம்

ஹீலியம் 1 லிட்டருக்குச் சுமார் 1 கிராம் எடையைத்தான் தூக்கும். உருவம் செய்யப் பயன்படும் நீளப் பலூன் ஒன்று முழுதாக ஊதினாலும் சுமார் 3 லிட்டர்தான் கொள்ளும். ரப்பரின் எடை, முறுக்கும்போது குறையும் இடம் இரண்டையும் கழித்தால் மிஞ்சும் தூக்குவிசை மிகச் சொற்பம். ஹீலியம் அடைத்தாலும் நாய்க்குட்டியோ கிளியோ தானாக மேலே எழாது. வட்டப் பலூனுக்குச் சரிப்படுவது முறுக்கு உருவத்துக்குச் சரிப்படுவதில்லை.

விலை மலிவு என்று சிலர் ஹைட்ரஜனை அடைத்துத் தருவார்கள். அதை எந்த நிலையிலும் ஏற்காதீர்கள். ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும். 2020 செப்டம்பரில் சென்னை பாடியில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில் வாயு பலூன்கள் தீப்பிடித்துப் பலர் காயப்பட்டார்கள். 2022 அக்டோபரில் திருச்சிக் கடைத்தெருவில் பலூனுக்கு வாயு நிரப்பும் சிலிண்டர் வெடித்து ஒருவர் உயிரிழந்தார். கேக்கில் மெழுகுவர்த்தி, வாசலில் பட்டாசு, ஆரத்தித் தட்டில் சூடம் என்று நம் விழாக்களில் நெருப்பு எப்போதும் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆகவே இந்த அத்தியாயம் முழுக்க வெறும் காற்றுதான்.

## வாங்கி வைக்க வேண்டியவை

* 260 ரக மாடலிங் பலூன்: 2 அங்குலத் தடிமன், 60 அங்குல நீளம் வரை ஊதக்கூடியது. பச்சை, சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு நிறங்கள் போதும். பாக்கெட் பழசாக இருந்தால் ஊதும்போதே வெடிக்கும். ஒன்றை இழுத்துப் பாருங்கள். வெடுக்கென்று சுருங்கினால் நல்ல ரப்பர்.
* கை பம்பு: இரு பக்கமும் காற்றடிக்கும் பம்பு வேலையைப் பாதியாக்கும்.
* மெல்லிய தூண்டில் நரம்பு: 0.15 முதல் 0.20 மில்லிமீட்டர். உருவங்களைத் தொங்கவிட இது. இந்தத் தடிமனிலேயே ஒரு கிலோவுக்கு மேல் தாங்கும்.
* தடித்த தூண்டில் நரம்பு: 0.50 மில்லிமீட்டர். தூணுக்குத் தூண் இழுத்துக் கட்ட. இதைத் ‘தாய் நரம்பு’ என்று வைத்துக்கொள்வோம்.
* ஜெம் கிளிப் ஒரு பெட்டி: உயரத்தைக் கூட்டிக் குறைக்க.
* 3 மில்லிமீட்டர் ஜி.ஐ. கம்பி, கேபிள் டை, பளபளப்பில்லாத பெயின்ட்: மேலிருந்து தொங்கவிட முடியாத இடங்களுக்கு.
* சிறு கத்தரிக்கோல், ஒட்டும் வட்ட ஸ்டிக்கர், கண்ணாடி டேப், உறுதியான ஏணி.

பலூனும் பம்பும் விளக்குத்தூண், மாசி வீதிகள் பக்கம் பிறந்தநாள் அலங்காரப் பொருள் விற்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். நரம்பை மீன்பிடிச் சாமான் விற்கும் கடையில் கேளுங்கள். தங்கூஸ் என்றாலும் எடுத்துத் தருவார்கள். நிறமற்றதையே வாங்குங்கள்; பச்சை, நீல நரம்புகள் விளக்கு வெளிச்சத்தில் காட்டிக்கொடுக்கும்.

## நரம்பைப் பக்குவப்படுத்துதல்

சுருளிலிருந்து எடுத்த நரம்பு சுருண்டே நிற்கும். லேசான பலூனின் எடைக்கு அது நிமிராது. சுருண்ட நரம்பில்தான் வெளிச்சம் பட்டு மின்னும். அதனால் முதல் நாளே இதை முடித்துவிடுங்கள்.

1. தேவையான நீளத்துக்கு ஒரு முழம் கூட்டியே வெட்டுங்கள்.
2. ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையில் இரும்பு நட்டு ஒன்றைக் கட்டி இரவு முழுக்கத் தொங்கவிடுங்கள்.
3. காலையில் உலர்ந்த பருத்தித் துணியால் மேலிருந்து கீழாக நாலைந்து முறை அழுத்தி உருவுங்கள். நரம்பு நிமிரும், மேற்பரப்பின் பளபளப்பும் கொஞ்சம் மங்கும்.
4. அட்டைத் துண்டு ஒவ்வொன்றிலும் ஒரு நரம்பாகத் தளர்வாகச் சுற்றி, நீளத்தை எழுதி வையுங்கள். சேர்த்துச் சுற்றினால் சிக்கெடுக்கவே மாலையாகிவிடும்.

## உருவம் ஒன்று: மீன்

மீனில் தொடங்குவது நல்லது. தட்டையான உருவம், ஒரே பலூன், இரண்டு நரம்பு. அது அந்தரத்தில் நின்றாலே நீந்துவது போலத் தெரியும்.

1. கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். தலைக்குத் தடவிய தேங்காய் எண்ணெய் விரலில் இருந்தால் ரப்பர் நைந்து வெடிக்கும்.
2. ஆரஞ்சு பலூனைப் பம்பில் மாட்டி ஊதுங்கள். நுனியில் நான்கு விரற்கடை அளவு ஊதாமல் விடுங்கள். இதற்கு ‘வால்’ என்று பெயர். முறுக்கும்போது தள்ளப்படும் காற்று போய்ச் சேர இடம் வேண்டும்.
3. முடிச்சிடுவதற்கு முன் வாய்ப்பக்கம் துளி காற்றை வெளியே விடுங்கள். பலூன் மெத்தென்று ஆகும்; முறுக்கத் தோதாக இருக்கும். பிறகு முடிச்சிடுங்கள்.
4. இரண்டு முனைகளையும் ஒன்றாகக் கொண்டுவந்து, முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி இரு தண்டுகளையும் சேர்த்துப் பிடித்து மூன்று சுற்று முறுக்குங்கள். முன்னால் பெரிய வளையம் மீனின் உடல். பின்னால் இரண்டு தண்டுகள் வால் துடுப்பு.
5. வளையத்தின் முன் நடுவில் இரண்டு விரற்கடை அளவுக்குச் சிறு குமிழ் ஒன்று பிடித்து, அதன் இரு அடிகளையும் சேர்த்து மூன்று சுற்று முறுக்குங்கள். அது மீனின் வாய். வளையம் முன்பக்கம் கூர்மையாகி மீன் வடிவம் வந்துவிடும்.
6. வாயை ஒட்டி, மேல்பக்கத் தண்டில் வெள்ளை ஸ்டிக்கரும் அதன் நடுவில் கறுப்புப் பொட்டும் ஒட்டுங்கள். மார்க்கர் பேனாவால் அழுத்தி வரைய வேண்டாம்; மையும் அழுத்தமும் சேர்ந்தால் பலூன் தாங்காது.

குறிப்பு: எல்லா முறுக்கையும் ஒரே திசையில் போடுங்கள். ஒன்றை வலப்பக்கமும் அடுத்ததை இடப்பக்கமும் முறுக்கினால் முதலாவது அவிழ்ந்துவிடும்.

### மீனுக்கு நரம்பு கட்டுதல்

1. வளையத்தின் மேல் தண்டில், ஒரு சாணுக்குச் சற்று அதிகமான இடைவெளியில் இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுங்கள்.
2. நரம்பைத் தண்டைச் சுற்றிக் கொண்டுவந்து, தண்டு பிதுங்காத அளவுக்குத் தளர்வாகக் கண்ணி போடுங்கள். முடிச்சு பின்பக்கம் இருக்கட்டும். நைலான் வழுக்கும், மூன்று முடிச்சு போடுங்கள்.
3. கண்ணி நகராமல் இருக்க, பின்பக்கம் கடுகளவு கண்ணாடி டேப் வையுங்கள்.
4. இரண்டு நரம்பையும் இரண்டு கைகளில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். வாய்ப்பக்கம் தாழ்ந்தால் முன் கண்ணியை இன்னும் முன்னால் நகர்த்துங்கள். வால்பக்கம் தாழ்ந்தால் பின் கண்ணியைப் பின்னால் நகர்த்துங்கள்.

இங்கே இரண்டு விதிகளை மனதில் வைக்க வேண்டும். கட்டும் இடம் எப்போதும் உருவத்தின் நடுக்கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். வாயிலும் வால் முறுக்கிலும் கட்டினால் மீன் மல்லாந்து படுத்துக்கொள்ளும். இரண்டு நரம்பும் மேலே தனித்தனி இடத்தில் போய்ச் சேர வேண்டும். மேலே ஒரே புள்ளியில் இணைத்துவிட்டால் உருவம் நிற்காமல் சுழலும். சுழலும் பொருளைப் பார்த்தவுடனே கண் அதன் நூலைத் தேடும்.

## உருவம் இரண்டு: கிளி

இரண்டு பச்சை, ஒரு சிவப்பு பலூன் வேண்டும்.

உடல்

1. ஒரு பச்சை பலூனை இரண்டு முழ நீளம் வரை ஊதி, மெத்தென்று ஆக்கி முடிச்சிடுங்கள். ஊதாத பகுதி நீளமாக மிஞ்சும், இருக்கட்டும்.
2. முடிச்சிலிருந்து மூன்று விரற்கடையில் ஒரு முறுக்கு. அது தலை.
3. அடுத்து முக்கால் சாண் அளவுக்கு இரண்டு குமிழ்கள். இரண்டையும் மடித்துப் பக்கத்தில் பக்கமாக வைத்து, கழுத்து முறுக்கோடு சேர்த்து முறுக்குங்கள்.
4. அதே அளவில் மூன்றாவது குமிழை எடுத்து, அந்த இரண்டுக்கும் நடுவே உள்ளே தள்ளுங்கள். மூன்றும் பூட்டிக்கொண்டு பருத்த உடலாகும்.
5. மீதித் தண்டு வால். காற்று முடியும் இடத்தை ஒட்டி, ஊதாத பகுதியில் முடிச்சிட்டு, முடிச்சுக்கு அப்பால் வெட்டிவிடுங்கள்.

சிறகு

6. இரண்டாவது பச்சை பலூனை நான்கு விரற்கடை விட்டு ஊதி, இரு முனைகளையும் சேர்த்துக் கட்டிப் பெரிய வளையமாக்குங்கள்.
7. கட்டிய இடத்தையும் அதற்கு நேர் எதிர் இடத்தையும் ஒன்றாக வைத்து மூன்று சுற்று முறுக்குங்கள். சம அளவில் இரண்டு வளையங்கள் கிடைக்கும்.
8. நடு முறுக்கை உடலின் கழுத்து முறுக்கில் செருகி இரண்டு சுற்று சுற்றுங்கள். சிறகு விரிந்துவிடும்.

அலகு

9. சிவப்பு பலூனில் இரண்டு விரற்கடை மட்டும் ஊதி முடிச்சிடுங்கள். மிஞ்சும் ரப்பரில் கொஞ்சம் விட்டு வெட்டி, அதையே நூலாக்கித் தலையின் முடிச்சில் கட்டுங்கள்.
10. தலையின் இரு பக்கமும் கண் ஸ்டிக்கர். கழுத்தில் சிவப்பு ரிப்பன் ஒரு சுற்று.

### கிளிக்கு நரம்பு கட்டுதல்

கிளிக்கு மூன்று நரம்பு. இடச் சிறகின் வெளி வளைவில் ஒன்று, வலச் சிறகில் ஒன்று, உடல் முடிந்து வால் தொடங்கும் முறுக்கில் ஒன்று. சிறகு நரம்புகள் இரண்டும் முன்னால் இருக்கும் தாய் நரம்புக்குப் போகும். வால் நரம்பு, இரண்டடி பின்னால் கட்டிய இன்னொரு தாய் நரம்புக்குப் போகும். இப்படிக் கட்டினால் கிளி பார்ப்பவரை நோக்கிப் பறந்து வரும். வால் நரம்பைச் சற்று உயர்த்தினால் இறங்கி வருவது போலவும், தாழ்த்தினால் மேலே எழுவது போலவும் தெரியும்.

## மண்டபத்தில் தொங்கவிடும் வரிசை

ஊதுவது கடைசி வேலை. புதியவர்கள் பலரும் காலையிலேயே ஐம்பது பலூனை ஊதி வைத்துவிட்டு, நரம்பு கட்ட இடம் தேடி அலைவார்கள். அதற்குள் பாதி சுருங்கியிருக்கும். மாலை 6 மணி விழாவுக்கு இந்த வரிசை பொருந்தும்.

1. காலை, இடம் பார்த்தல்: மின்விசிறி எங்கே, ஏசி காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, தூணில் கொக்கி இருக்கிறதா, விருந்தினர் எந்த வழியாக நுழைவார்கள் என்று நாலு மூலையிலும் நின்று பாருங்கள். ஃபால்ஸ் சீலிங் ஓடுகளில் எதையும் கட்டக் கூடாது.
2. பகல் 2 மணி, தாய் நரம்பு: தூணுக்குத் தூண், பத்தடி உயரத்தில், மேடைக்கு இணையாக இழுத்துக் கட்டுங்கள். மேடைக்கு இணையாக இருந்தால்தான் மீனின் முழுப் பக்கமும் கூட்டத்துக்குத் தெரியும். தூணில் நரம்பு சுற்றும் இடத்தில் துணி வைத்துச் சுற்றினால் வழுக்காது, பெயின்டும் கெடாது.
3. 2.45 மணி, கிளிப் மாட்டுதல்: ஒவ்வொரு மெல்லிய நரம்பின் மேல்முனையிலும் ஒரு ஜெம் கிளிப்பைக் கட்டித் தாய் நரம்பில் மாட்டுங்கள். நரம்பைக் கிளிப்பில் ஒரு சுற்று கூட்டினால் உருவம் மேலேறும், அவிழ்த்தால் இறங்கும். முடிச்சை வெட்டி மறுபடி கட்டும் வேலை மிச்சம்.
4. 3.30 மணி, ஊதி உருவம் செய்தல்: எந்த இடத்தில் தொங்கப்போகிறதோ அதே சூட்டில் ஊதுங்கள். ஏசி அறையில் விறைப்பாக ஊதியதை வெளிப் பந்தலுக்குக் கொண்டுவந்தால் உள்காற்று விரிந்து வெடிக்கும்.
5. 4.45 மணி, மாட்டுதல்: நடுவில் உள்ள உருவத்தை முதலில் மாட்டுங்கள். அதைக் கொண்டு மற்றவற்றின் உயரத்தை முடிவு செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் வைத்தால் கொடியில் துணி காயப்போட்டது போலிருக்கும். அரையடி, ஓரடி என்று ஏற்ற இறக்கம் கொடுங்கள்.
6. 5.30 மணி, சோதனை: எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, முதல் வரிசையிலும் வாசலிலும் நின்று பாருங்கள். போனில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுங்கள். படத்தில் மின்னும் நரம்பு எதுவோ, அதன் மேல் விழும் விளக்கைத் திருப்புங்கள்.

உயரம்: ஆள் நடக்கும் இடத்தில் உருவத்தின் அடிப்பகுதி ஏழரை அடிக்கு மேலே இருக்க வேண்டும். மேடையின் பின்புறம், மேசைக்கு மேல் போன்ற இடங்களில் ஐந்தடி வரை இறக்கலாம். கண் மட்டத்துக்குப் பக்கத்தில் நிற்பதுதான் மிதப்பது போல நன்றாகத் தெரியும்.

## மேலிருந்து கட்ட வழியில்லையா?

உயரமான தகரக் கொட்டகை, கொக்கி இல்லாத கூடம், “சுவரில் எதையும் கட்டாதீர்கள்” என்று சொல்லும் மண்டபம் என்று பல இடங்கள் உண்டு. அங்கே பேக்டிராப் துணிக்குப் பின்னாலிருந்து தாங்கல் கொடுக்கலாம்.

1. ஜி.ஐ. கம்பியில் ஒன்றரை முழம் வெட்டுங்கள்.
2. பின்முனையில் ஒரு சாண் நீளத்தைச் செங்குத்தாக மடித்து, பேக்டிராப் சட்டக் குழாயோடு சேர்த்து இரண்டு கேபிள் டை போட்டு இறுக்குங்கள். ஒன்று மட்டும் போட்டால் கம்பி சுழன்று உருவம் தொங்கிப்போகும்.
3. துணியின் இணைப்பு வழியே கம்பியை முன்னால் கொண்டுவாருங்கள். துணியின் நிறத்திலேயே, பளபளப்பில்லாத பெயின்டை முன்பே அடித்து உலர விட்டிருக்க வேண்டும்.
4. முன்முனையைச் சிறு வளையமாக மடக்கி, கூர் தெரியாமல் டேப் சுற்றுங்கள்.
5. உருவத்தின் பின்பக்க முறுக்கில் அந்த வளையத்தை வைத்து நரம்பால் கட்டுங்கள்.

நேர் எதிரே அமர்ந்திருப்பவருக்கு உருவமே கம்பியை மறைத்துவிடும். பக்கத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரியும். ஆகவே மேடையிலும் புகைப்படம் எடுக்கும் மூலையிலும் மட்டும் இந்த முறையைக் கையாளுங்கள்.

## கண் நம்புவதற்கு நான்கு வழிகள்

* கீழே வெற்றிடம் விடுங்கள். உருவத்துக்கும் தரைக்கும் நடுவே எதுவும் இல்லை என்பது தெரிந்தால்தான் அது மிதக்கிறது. நேர் கீழே பூந்தொட்டி வைத்தால், அதிலிருந்து குச்சி வருகிறது என்றே நினைப்பார்கள்.
* பின்னணியில் பூவும் இலையும் இருக்கட்டும். வெறும் வெள்ளைத் துணியில் நரம்பு கோடாகத் தெரியும். தென்னங்கீற்றுத் தட்டி, இலைத் திரை, பூ அச்சிட்ட துணி ஆகியவற்றின் முன் அது தொலைந்துபோகும்.
* விளக்கு பக்கவாட்டில், தாழ்வாக இருக்கட்டும். பின்னாலிருந்தும் நேர் மேலிருந்தும் அடிக்கும் வெளிச்சத்தில் நரம்பு மின்னும். ஹாலஜன் விளக்கின் சூட்டில் பலூன் வெடிக்கும்; எல்.ஈ.டி. போதும்.
* லேசான அசைவு நல்லது. அசையாமல் நிற்கும் உருவத்தைவிட மெல்ல ஆடும் உருவமே உயிரோடு தெரியும். அதற்கு ஆட்கள் நடமாடும் காற்றே போதும், விசிறி தேவையில்லை.

## மதுரை வெயிலும் காற்றும்

சித்திரை, வைகாசியில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தொடும். அந்த மாதங்களில் வழக்கமான நான்கு விரற்கடைக்குப் பதில் ஆறு விரற்கடை வால் விட்டு ஊதுங்கள். நேர் வெயிலில் கறுப்பு, கருநீலப் பலூன்கள் சீக்கிரம் சூடேறி முதலில் வெடிக்கும். வெளிர் நிறங்களைத் தேர்ந்தெடுங்கள், நிழலிலேயே தொங்கவிடுங்கள். தகரக் கூரைக்கு மூன்றடிக்குள் எதையும் மாட்டாதீர்கள்; அந்த இடம்தான் பந்தலிலேயே அதிகச் சூடு.

ஆடியில் நிலைமை வேறு. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துத் திறந்த பொட்டல்களில் போட்ட சாமியானா பந்தலே ஆடும்போது, நரம்பில் தொங்கும் கிளி நிற்காது. அம்மியே பறக்கும் என்று சொன்ன காற்று அது. அப்போது தொங்கவிடும் முறையை விட்டுவிட்டுக் கம்பித் தாங்கலுக்கு மாறுங்கள். இல்லையென்றால் கூடத்துக்குள்ளேயே செய்யுங்கள்.

இன்னும் ஒரு பகை, வரவேற்புத் தட்டில் இருக்கும் எலுமிச்சை. அதன் தோலில் உள்ள எண்ணெய் பட்டாலே பலூன் பட்டென்று வெடிக்கும். எலுமிச்சையோ ஆரஞ்சோ உரித்த கையோடு யாரையும் பலூனைத் தொட விடாதீர்கள்.

## அடிக்கடி நடக்கும் தவறுகள்

* உருவம் சுழல்கிறது: நரம்புகள் மேலே ஒரே புள்ளியில் சேர்கின்றன. ஓரடியாவது பிரித்துக் கட்டுங்கள்.
* மல்லாந்து போகிறது: கட்டிய இடம் நடுக்கோட்டில் இருக்கிறது. மேல்பக்கம் மாற்றுங்கள்.
* முறுக்கு அவிழ்கிறது: திசை மாறியிருக்கிறது, இல்லையென்றால் ஒரு சுற்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். மூன்று சுற்று வேண்டும்.
* முறுக்கும்போதே வெடிக்கிறது: வால் போதவில்லை, பலூன் விறைப்பாக இருக்கிறது, அல்லது நகம் பட்டிருக்கிறது.
* தாய் நரம்பு நடுவில் தொய்கிறது: உருவங்கள் கனமானவை அல்ல, முடிச்சுதான் வழுக்கியிருக்கும். அவிழ்த்து, தூணில் மூன்று சுற்று சுற்றிவிட்டுக் கட்டுங்கள்.
* நரம்பு தெரிகிறது: தடித்த நரம்பு, சுருண்ட நரம்பு, தவறான விளக்கு என்ற மூன்றில் ஒன்று. இந்த வரிசையிலேயே சோதியுங்கள்.
* அழகுக்காக மல்லிகைச் சரம் சுற்றுவது: பலூனைவிடச் சரம் கனம். உருவம் சாய்ந்துவிடும். பூவைத் தூணுக்குக் கொடுங்கள்.

## பாதுகாப்பு: இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்

சின்னப் பிள்ளைகள். வெடித்த பலூன் துண்டும் ஊதாத பலூனும் மூச்சுக்குழலை அடைக்கும். 8 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் ஊதாத பலூனைக் கொடுக்காதீர்கள். வெடித்தவுடன் துண்டுகளைப் பொறுக்க ஓர் ஆளை நியமியுங்கள். விழா முடிந்ததும் “அந்தக் கிளியைக் குடுங்க அங்கிள்” என்று பிள்ளைகள் சூழ்ந்துகொள்வார்கள். நரம்பை முழுவதும் வெட்டி எடுத்துவிட்டே கொடுங்கள், பெற்றோர் பக்கத்தில் இருக்கட்டும்.

வாயால் ஊதாதீர்கள். 260 பலூனை ஊத அதிக அழுத்தம் வேண்டும். காதும் கன்னமும் வலிக்கும், முகத்துக்கு நேரே வெடித்தால் கண்ணுக்கு ஆபத்து. பம்புதான் வழி. ரப்பர் கையுறை போட்டால் அரிப்போ தடிப்போ வருபவர்கள் பலூனையும் தொடக் கூடாது.

மின்விசிறி. விசிறியின் நடுவிலிருந்து ஆறடிக்குள் எந்த நரம்பும் இருக்கக் கூடாது. ஏணியில் ஏறுவதற்கு முன் விசிறியை நிறுத்தி, சுவிட்ச் மேல் டேப் ஒட்டுங்கள். “புழுக்கமா இருக்கு” என்று யாராவது வந்து தட்டிவிடுவார்கள்.

ஏணி. பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஸ்டூல் வைத்து ஏறும் பழக்கத்தை விடுங்கள். ஒருவர் ஏறினால் ஒருவர் பிடிக்க வேண்டும்.

மின்கம்பி. சீரியல் விளக்கு ஒயரில் நரம்பைக் கட்டாதீர்கள். பளபளக்கும் ஃபாயில் பலூனை மின்கம்பி பக்கம் கொண்டுபோகவே கூடாது. அதன் உலோகப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தும்.

நடைபாதை. ஆள் போகும் வழியிலும், வெளியே வண்டி போகும் வழியிலும் தாழ்வாக நரம்பு இழுக்காதீர்கள். மாஞ்சா நூல் கழுத்தை அறுத்த செய்திகள் நமக்குத் தெரியும். தூண்டில் நரம்பும் கண்ணுக்குத் தெரியாது, அறுக்கும்.

## வீட்டில் ஒரு பயிற்சி

விழாவுக்குப் போகுமுன் வீட்டுக் கூடத்தில் ஒரே ஒரு மீனைத் தொங்கவிட்டுப் பழகுங்கள். இரண்டு ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே தாய் நரம்பு, கீழே இரண்டு மெல்லிய நரம்பு, ஒரு மீன். முதலில் டியூப்லைட் வெளிச்சத்தில், பிறகு பக்கவாட்டு மேசை விளக்கில் பாருங்கள். வித்தியாசம் புரிந்ததும் இரண்டாவது மீனை எதிரெதிராக வையுங்கள். பாண்டியர் இணைக் கயல் தயார்.

உண்மையிலேயே மிதப்பதைப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு ஒன்று: ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து மேல்நோக்கிப் பிடித்து, 5 அங்குல வட்டப் பலூனை அதன் காற்றில் விடுங்கள். காற்றோட்டம் அதை நடுவிலேயே பிடித்து வைக்கும். முறுக்கு உருவங்களுக்கு இது சரிவராது. பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

## கழற்றும்போது

வேலை முடிந்தது என்று நினைக்கும் நேரத்தில்தான் பலரும் நரம்பை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். இந்த வரிசையில் கழற்றுங்கள்.

1. உருவங்களை முதலில் இறக்கி, முடிச்சுக்குப் பக்கத்தில் சிறு வெட்டுப் போட்டுக் காற்றை மெல்ல விடுங்கள். குத்தி வெடித்தால் துண்டுகள் சிதறும்.
2. ஜெம் கிளிப்புகளையும் மெல்லிய நரம்புகளையும் எண்ணி எடுங்கள். எத்தனை மாட்டினீர்களோ அத்தனையும் திரும்பி வர வேண்டும்.
3. தாய் நரம்பை அவிழ்த்துச் சுருளில் சுற்றுங்கள். அடுத்த விழாவுக்கு ஆகும்.
4. அறுந்த நரம்புத் துண்டுகளை ஒரு விரல் நீளத்துக்கு நறுக்கி, பலூன் துண்டுகளோடு சேர்த்துப் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

இந்த நான்காவது வேலையைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். வைகைக் கரையிலோ, வண்டியூர், சாமநத்தம் கண்மாய்களின் ஓரத்திலோ கொட்டப்படும் நரம்பு, அங்கே இரைதேடும் பறவைகளின் காலில் சுற்றிக்கொள்ளும். பலூன் துண்டைத் தீவனமென்று நினைத்து ஆடு மாடு தின்றுவிடும். விழா வீட்டார் உங்களை மறுபடி கூப்பிடுவது உங்கள் கிளியின் அழகுக்காகத்தான். மண்டபக்காரர் உங்களை மறுபடி உள்ளே விடுவது, நீங்கள் போன பிறகு தரை எப்படி இருந்தது என்பதைப் பார்த்துத்தான்.